பத்து மணி உடும்பு

மகள் இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று ஜொகூர் பாருவிலிருந்து போன் வந்த மறுநாளே, கோழிக்குஞ்சு வாங்க வேண்டும் என்றாள் என் மனைவி. நான் அப்போது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொடி சுற்றிக்கொள்வது என்று எதையெல்லாம் நினைத்துப் பயப்படலாமோ அதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"இப்ப வாங்குனா ஆறு மாசத்துல முட்டை விடும். அவளுக்கு அப்ப எட்டு மாசம். மொத இருபது முட்டைய எடுத்துக்கிட்டு நான் ஜேபிக்குக் கெளம்பிருவேன்."

"இருபது எதுக்கு? பத்தோட போக முடியாதா?" என்றேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"பத்து ஒரு வாரத்துக்குக்கூடக் காணாதுலா."

பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றிக் காலையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இடுப்புக்குப் பலம் என்பார்கள். கம்போங் முட்டை, அதாவது நாட்டு முட்டை, என்று கடையில் அடுக்கி வைத்திருப்பதை அவள் நம்பமாட்டாள். நம் கண் முன்னால் வளர்ந்த கோழி, நம் கையால் எடுத்த முட்டை, அதுதான் அவளுக்கு. முறைப்படி தலைப்பிரசவத்துக்கு மகளை நாங்கள் இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். அவளுக்கு அங்கே வேலை. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் ஷிப்டு. மகள் வர முடியாதென்றால் தாய் போக வேண்டியதுதான்.

அவள் போவாள் என்பது எனக்கு முன்பே தெரியும். அவள் திரும்பி வருவாளா என்பதுதான் என் பயம்.

செமிலிங் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. எங்கள் வரிசையில் மட்டும் மூன்று வீடுகளில் மனைவிமார் பேரப்பிள்ளை பார்க்கப் போனவர்கள். ஒருவர் ஷா ஆலாமுக்கு, ஒருவர் பினாங்குக்கு, ஒருவர் சிங்கப்பூருக்கு. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். குழந்தையைக் காப்பகத்தில் விட மனம் வராது. அப்புறம் இரண்டாவது பிள்ளை வரும். அந்த வீட்டு ஆண்களை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பார்ப்பேன். சட்டையில் இஸ்திரி இருக்காது. பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போக அவசரப்படமாட்டார்கள். கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு யாராவது பேசமாட்டார்களா என்று நிற்பார்கள். அவர்களோடு நிற்காமல் நான் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

நான் படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்டவன். இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்து, கால் வீங்க ஆரம்பித்த பிறகு வீட்டோடு இருக்கிறேன். அவள் பள்ளிக்கூட கெண்டீனில் சமையலுக்கு உதவி. காலை ஆறரைக்குப் போனால் மதியம் ஒன்றரைக்கு வருவாள். இடையில் ஏழு மணி நேரம் நான் தனியாக இருப்பேன். அந்த ஏழு மணி நேரமே எனக்கு நீளம்.

மெர்போக்கில் ஒரு மலாய்க்காரர் பழைய ரகச் சிவப்புக் கோழி வைத்திருந்தார். ரகத்துக்கு ஏதோ நீளமான வெள்ளைக்காரப் பெயர் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டோம், செவலை என்றே கூப்பிட்டோம். கலப்பில்லாதது, பல வருடம் முட்டை விடும் என்றார். "தாப்பி லம்பாட் சிக்கிட், பாங். கெனா சபாக்." கொஞ்சம் தாமதமாகும், பொறுமை வேண்டும் என்கிறார். தாமதமாகும் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அப்போதே என்னை நான் கவனித்திருக்க வேண்டும்.

பதினைந்து குஞ்சுகள். டிவி வந்த அட்டைப் பெட்டியில் உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டேன். கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கிய எல்இடி பல்பு. சாயங்காலம் மழை பிடித்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. தீவனம் பிடிக்கவில்லையோ, தண்ணீரில் குளோரினோ, ஏதாவது வியாதியோடு வந்துவிட்டதோ என்று நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் வந்து பல்புக்குக் கீழே கையை நீட்டினாள்.

"வெளிச்சம் இருக்கு. சூடு எங்க?"

எல்இடி பல்பு சுடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். மழையிலேயே பீடோங்குக்கு மோட்டாரை விட்டேன். ஹார்ட்வேர் கடை சீனர் பின்பக்கம் தேடி, தூசி தட்டி, பழைய மஞ்சள் பல்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் போட்டதும் குஞ்சுகள் கலைந்து, பரவி, ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. அத்தோடு நான் விட்டிருக்கலாம். மறுநாளெல்லாம் பெட்டியை மூடியிருந்த சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு இருக்கிறதா என்று தூங்குவதையும் விரலால் தொட்டு எழுப்பினேன். ஒவ்வொரு முறையும் குளிர்காற்று உள்ளே போனது. இரண்டு செத்துப்போயின.

அவள் இரண்டையும் பழைய பேப்பரில் சுற்றினாள்.

"நீங்க பாத்துப் பாத்தே கொன்னுருவீங்க போல."

கோபமாகச் சொல்லவில்லை. பல வருடமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மீதிப் பதின்மூன்றும் வளர்ந்தன. வீட்டுக்குப் பின்னால், செம்பனை மரங்கள் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே ஜிங்க் கூரை போட்டு வலை அடித்தேன். மூசாங் என்கிற மரநாய் வலையைக் கடிக்கும் என்று இரண்டு அடுக்கு வலை, பாம்பு நுழையும் என்று கீழே சிமெண்டு. மூன்றாவது மாதத்தில் ஆறு சேவல், ஏழு பெட்டை என்று தெரிந்தது. ஒரு சேவலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டாள். "அண்ணே, நீங்க மாதா கோயிலுன்னா என்ன, ஒங்க மக நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்னு சேத்துத்தான் வேண்டியிருக்கேன்" என்றாள். நான் தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. மாலையின் ஐந்து பத்து மணிகளில் நான்கை மகளுக்காகச் சொல்லிவிட்டு, ஐந்தாவது பத்தில் என் மனைவி சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று சொல்வேன்.

செவலைகள் அழகாக வந்தன. வெயில் பட்டால் செம்புப் பாத்திரம்போல மின்னும். அவள் கெண்டீனிலிருந்து காய்கறித் தோலைக் கட்டி எடுத்துவருவாள். தின்றுபோட்ட கெராங் சிப்பியின் ஓட்டை இடித்துத் தூவுவாள், முட்டை ஓடு கெட்டியாக இருக்கும் என்று. ஐந்து மாதம் முடிந்தபோது பெட்டைகளின் கொண்டை வெளுப்பு மாறிச் சிவக்க ஆரம்பித்தது. மகள் போனில் வயிற்றைக் காட்டினாள். இவள் கோழியைக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் போன் திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணி இருக்கும். தண்ணீர் மாற்றப் போனபோது ஒரு பெட்டையின் முதுகில் சும்மா கையை வைத்தேன். ஓடாமல் அப்படியே குந்திக்கொண்டது. அதற்குப் பின்னால் உமியில் ஒரு முட்டை. சின்னதுதான், பழுப்பு நிறம், ஒரு பக்கம் நூலளவு இரத்தக்கோடு. கையில் எடுத்தேன். அவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அது சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு இன்னும் பத்தொன்பது என்றுதான் தோன்றியது.

கூண்டுக்குப் பக்கத்துச் சாய்ப்பில் உமி மூட்டை இருந்தது. அதற்குள் முழங்கை வரை விட்டு முட்டையை வைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். புதன்கிழமை முட்டை இல்லை. வியாழக்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. ஒன்றை மறைத்தவன் இரண்டாவதை எப்படிச் சொல்வது? "இது மொத முட்டை" என்று சொன்னால் பொய். சொல்லாவிட்டால் அதுவும் பொய். மூட்டைக்குள் மூன்று சேர்ந்தன.

கோழி சும்மா முட்டை விடாது. விட்டதும் ஊருக்கெல்லாம் தெரியக் கொக்கரிக்கும். சனிக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஒடும்பு வந்திருக்கும்" என்றேன். "லொங்காங் சாக்கடைப் பக்கம் ஒண்ணு திரியுது. அதப் பாத்துட்டுக் கத்துது."

அவள் கத்தியை நிறுத்தாமல் அரிந்தாள். "ஒடும்பா? சரி, வெரட்டி விடுங்க."

போனேன். விரட்டுவதுபோல "ச்சூ, ஒடும்பு, ச்சூ" என்று இரண்டு முறை கத்தினேன். முட்டையை எடுத்து மூட்டைக்குள் வைத்தேன்.

வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். "ஒங்க வீட்டு ஒடும்பு கடிகாரம் கட்டியிருக்கு போல, அண்ணே. டெய்லி பத்து மணிக்குக் கரெக்டா வருது."

நான் உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் நான்கு பெட்டைகள் விட ஆரம்பித்தன, மூன்றாவது வாரம் ஏழும். இருபது எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியும். அன்று மதியச் சோற்றைக் கோழிகளுக்கே போட்டேன். சாயங்காலம் மகள் போன் செய்து, "என்னம்மா, கோழி இன்னும் ஏமாத்துதா?" என்று கேட்டாள். "கொஞ்சம் லேட்டாகும்னாரு அந்த மலாய்க்காரரு" என்றாள் இவள். "அடுத்த வாரம் கெண்டீன்ல சொல்லிட்டு வந்துர்றேன், முட்டை விட்டாலும் விடாட்டியும்." நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம் கிடைத்ததே என்றுதான் நினைத்தேன். மகளுக்கு நாள் குறித்திருந்தது ஐந்து வாரம் தள்ளி. பயப்படுவதற்கு அத்தனை விஷயம் தேடுகிறவன், அந்த ஐந்து வாரத்தை மட்டும் அப்படியே நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். மாப்பிள்ளை இரவு ஷிப்டு முடிந்து சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். மகளுக்குக் குளியலறையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. தானே துணிப்பையை எடுத்துக்கொண்டு, போனில் கார் கூப்பிட்டு ஏறியிருக்கிறாள்.

"சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சும்மா. டிரைவர்கிட்ட சாரி, சாரின்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அவரு பாவம், பரவால்ல, பரவால்லன்னு லைட்டெல்லாம் பாக்காம ஓட்டுனாரு."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. போனை நர்ஸ் வாங்கி வைத்துவிட்டார்.

என் மனைவி போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பீரோவைத் திறந்து பையை எடுத்தாள். அது ஏற்கனவே கட்டி வைத்த பை. எப்போது கட்டினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பாமலே சொன்னாள்.

"உமி மூட்டைக்குள்ள இருக்கறத எடுத்துட்டு வாங்க."

நான் அவள் கையிலிருந்த பையையே பார்த்தேன்.

"பஸ்ஸு பத்தரைக்கு. சீக்கிரம்."

எடுத்து வந்தேன். கை விடவிட வந்துகொண்டே இருந்தது. முப்பத்தொன்று. பேசினில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். நல்ல முட்டை அடியில் கிடக்கும், கெட்டது மிதக்கும். முதலில் விட்டது அப்படியே மேலே வந்தது. அடுத்தது அடிவரை போய், யோசித்ததுபோல மெதுவாக எழுந்து வந்தது. ஜிங்க் கூரைக்கு அடியில், அந்த வெக்கையில், உமிக்குள் மூன்று வாரம். சேவலும் கூடத் திரிந்த கோழி, முட்டையில் கரு பிடித்திருக்கும். எதுதான் தாங்கும்? ஒன்று அவள் விரல் பட்டே உடைந்தது. அந்த நாற்றம் அடுப்படி முழுக்க நின்றது. ஜன்னலைத் திறக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றாள்.

பத்தொன்பது மிதந்தன. பன்னிரண்டு அடியில் கிடந்தன. அந்தப் பன்னிரண்டையும் துடைத்து, பால்மாவு டின்னில் உமி போட்டு அடுக்கினாள். முதல் முட்டையும் மிதந்தவற்றில் ஒன்று. அந்த இரத்தக்கோட்டை வைத்து எனக்குத் தெரிந்தது.

சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்துக்கு மோட்டாரில் போனோம். டின் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் முதுகில் இடித்தது. பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"மொத சனிக்கிழமையே. கோழி முட்டை விட்டுக் கத்துறதும் பயந்து கத்துறதும் ஒண்ணா? எஸ்டேட்டுல கோழியோட பொறந்து வளந்தவகிட்டயா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன், நாலு நாள் பாத்தேன்." முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்பறம் எனக்கும் போக மனசு வரல. கெண்டீன்ல என்னோட பழகுன ஆளுங்க. இந்த வீடு. நீங்க. போனா அவ்வளவு லேசுல வர முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒடும்புன்னு சொன்னீங்க. நானும் ஒடும்புன்னே வெச்சுக்கிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பிள்ளை எவனோ ஒருத்தன் கார்ல ஒக்காந்து சாரி சொல்லிக்கிட்டுப் போயிருக்கு" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். கையாட்டவில்லை. டின்னைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அவள் போய்ச் சேருவதற்கு வெகு நேரம் முன்பே, நண்பகலில் பேரன் பிறந்துவிட்டான். ஆபரேஷன். தாயும் பிள்ளையும் நலம் என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். அழுது முடித்தபோதுதான் காலையிலிருந்து கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று நினைவு வந்தது. மூன்றாம் நாள் மகள் பேசினாள். குரல் இல்லாமல் பேசினாள். "அப்பா, கோழியெல்லாம் நல்லா இருக்கா?" என்றாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவில்லை.

கழுத்து நிற்கட்டும், வருகிறேன் என்றாள் மனைவி. கழுத்து நின்றது. மகள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போனாள். குப்புற விழட்டும் என்றாள் இவள். போன வாரம் குப்புற விழுந்தான். இப்போது தவழட்டும் என்கிறாள். நான் சரி என்கிறேன். வேறு என்ன சொல்ல? பிரசவத்தன்று பக்கத்தில் இல்லாமல் போன கடனை அவள் அங்கே ஒவ்வொரு நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதை வேண்டாம் என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. என்னையும் அங்கே வரச் சொன்னார்கள். ஒரு அறை வீடு. அதோடு கோழிகளை யார் பார்ப்பது?

செவலைகள் நாள் தவறாமல் விடுகின்றன. எடுத்ததும் பென்சிலால் ஓட்டில் தேதி எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்கு, கோயிலுக்கு வரும் ஆண்களுக்கு என்று கொடுத்துவிடுகிறேன். இப்போது என் சட்டையிலும் இஸ்திரி இல்லை. வாசலில் நிற்பவர்களோடு நானும் நிற்கிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. முட்டையை வாங்கிக்கொண்டு, "பெருசா இருக்கே" என்பார்கள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கூப்பிடுவாள். பேரனைக் காட்டுவாள். பிறகு கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை?" ஐந்து என்றால் ஐந்து, ஆறு என்றால் ஆறு. ஓடு விரிசல் விட்டது இருந்தால் அதையும் சொல்வேன். எங்களுக்குள் இருக்கும் பேச்சு இப்போது பெரும்பாலும் அதுதான்.

நேற்று இரண்டு பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்துவிட்டன. உடம்பை உப்பிக்கொண்டு, கிட்டே போனால் கொத்துகின்றன. பழைய ரகம், அடை காக்கும் குணம் போகாது. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டை விடாது. மற்றவையும் இப்படியே உட்கார்ந்தால் அவள் சாயங்காலம் என்னிடம் எதைக் கேட்பாள் என்று பகலெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குக் கூப்பிட்டாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

"ஏன், ஒடும்பு வந்துச்சா?" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. திரையில் பேரனின் காது மட்டும்தான் தெரிந்தது.

"இல்லம்மா. நெசமாவே ரெண்டுதான். ரெண்டு பெட்டை அடையில ஒக்காந்திருச்சு."

"ம்" என்றாள். பேரன் அழுதான். வைத்துவிட்டாள்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். சாய்ப்பில் உமி மூட்டை இருந்தது. வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடிவரை துழாவினேன். ஒன்றுமில்லை. நான் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை துழாவினேன்.